மெய்வயது

புளியம்பொட்டலில் சுடலைவடிவுக்கு எழுபத்தொரு வயது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆதார் அட்டை அப்படித்தான் சொன்னது. ஐம்பது வருடம் பீடி சுற்றிக் கோணிப்போன விரல்களும், வலது கண்ணில் விழுந்திருந்த புரையும் அதையே சொல்லின. அவள் இரத்தம் மட்டும் ஐம்பத்தொன்பது என்றது.

அரசாங்கம் இரத்தத்தைத்தான் நம்பியது.

செவ்வாய்க்கிழமை காலை, பிரஷர் கருவியும் மாத்திரைப் பையுமாக நர்ஸ் ஜெயசீலி வந்து நின்றபோது வடிவு கையை நீட்டவில்லை. நர்சம்மா தெருமுனையில் திரும்பும்போதே ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவள், அன்றைக்கு ஒரு தாளை நீட்டினாள்.

"படிச்சுச் சொல்லு சீலி. பக்கத்து வீட்டுக்காரி படிச்சது எனக்கு நம்பிக்க இல்ல."

ஜெயசீலி படித்தாள். தங்களுடைய மெய்வயது 59 எனக் கண்டறியப்பட்டிருப்பதால், அது 65 ஆகும்வரை முதியோர் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. தாங்கள் நல்ல உடல்நலத்துடன் உழைக்கும் தகுதி பெற்றிருப்பதற்கு அரசின் வாழ்த்துகள்.

"வாழ்த்துன்னா போட்டிருக்கான்?"

"ஆமாக்கா."

வடிவு தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வாரம் பீடிக்கடைக்குப் போனேன். ஏசண்டு என் கையப் பாத்துட்டு, ஒங்க கையில எலையக் குடுத்தா எனக்குக் கழிவுதான் மிஞ்சும்னு அனுப்பிட்டான். அவன் வெரலுக்கு வயசு பாக்கான். இவன் ரத்தத்துக்கு வயசு பாக்கான். நான் எந்த வயச வச்சுக் கஞ்சி குடிக்க?"

கேரளத்தில் டைல்ஸ் வேலைக்குப் போயிருந்த மகனை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவான். அதற்கு மேல் அவனிடம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

"நீதான கொறச்ச," என்றாள் வடிவு. குரலில் கோபம் இல்லை. கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மாதிரி சொன்னாள். "பதிமூணு வருசமா உப்பக் கொற, சீனியக் கொற, பிரஷரக் கொறன்னு ஒவ்வொண்ணா நீதான கொறச்ச. இப்ப நீயே கூட்டிக் குடு."

பதிமூன்று வருடத்துக்கு முன்னால், பீடித் தட்டை மடியில் வைத்தபடியே கண் இருட்டிச் சாய்ந்தவளுக்கு முதன்முதலாகப் பிரஷர் பார்த்தது ஜெயசீலிதான். இருநூற்றுப் பத்து. சர்க்கரையும் முந்நூறைத் தொட்டிருந்தது. அன்றிலிருந்து ஜெயசீலியின் பொறுப்பில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் வயசாளிகளில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆள் வடிவுதான். கருவாட்டை விட்டாள். விடிந்ததும் ஓடைப்பாலம் வரை நடந்து திரும்பினாள். கால் மரத்துப்போனவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது என்று ஜெயசீலி சொன்ன நாள் முதல், சாயங்காலம் தோறும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டாள். மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெரிய டாக்டர்கள் வந்தால் ஜெயசீலி வடிவைத்தான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள்.

மெய்வயதுச் சட்டம் வந்தபோது முதலில் கைதட்டியவளும் ஜெயசீலிதான். அவளுடைய அப்பா உப்பளத் தொழிலாளி. ஐம்பத்திரண்டு வயதில், பார்வை போய், பாதம் வெடித்து, அப்போதெல்லாம் அறுபது வயதில் கிடைத்த உதவித்தொகைக்கு எட்டு வருடம் முன்பே செத்துப்போனார். சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி, ஒரு சொட்டு இரத்தம், ஏழு நிமிடம். இந்த உடம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். இனிமேல் அதுதான் வயது. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை, இரண்டும் இன்றைக்கு ஒன்றாகிவிட்டன என்று மந்திரி பேசினார். முதல் வருடம் கல்குவாரியில் துளை போடும் நாற்பத்தேழு வயதுக்காரன் ஒருவனுக்கு மெய்வயது அறுபத்தெட்டு என்று வந்து உதவித்தொகை கிடைத்தது. அவன் இருமி இருமி அழுததை ஜெயசீலி பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டு அன்றைக்கு அவளும் அழுதாள்.

தேயாதவர்களை என்ன செய்வது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள், புதன்கிழமை, ஜெயசீலி வடிவைக் கூட்டிக்கொண்டு மெய்வயது அலுவலகத்துக்குப் போனாள். அருணகிரி என்ற அதிகாரி முப்பது வயதுக்காரர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"மேடம், யாரையும் பட்டினி போடறதுக்காக வந்த சட்டம் இல்ல இது. உடம்பு தேஞ்சவங்களுக்கு முதல்ல. நல்லா இருக்கறவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும். அவ்வளவுதான்."

"இவங்க நல்லா இருக்கது மாத்திரையாலயும் பத்தியத்தாலயும் சார்."

"எதால இருந்தா என்ன, நல்லா இருக்காங்கல்ல?"

"இந்த விரலப் பாருங்க. கண்ணுல புரை. இவங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

அருணகிரி பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார். "விரல் ரத்தத்துல தெரியாது மேடம்." ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, "எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு. பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவர். தினம் டென்னிஸ் ஆடுவார். மெய்வயது அறுபதுன்னு வந்தப்ப வீட்ல கேக் வெட்டினோம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகப் போயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வடிவு, "ஆறு மாசத்துல ஆறு வயசு," என்றாள். "மாசத்துக்கு ஒண்ணு. முடியாதா என்ன?"

"அக்கா, கிறுக்கு பிடிச்ச மாதிரிப் பேசாத."

வடிவு சொன்னதைச் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து ஜெயசீலி போனபோது அடுப்பில் நெத்திலிக் கருவாடு கொதித்துக்கொண்டிருந்தது. தெருவில் அப்போதெல்லாம் இது அதிசயம் இல்லை. டீக்கடைக்காரர், "மறுபரிசோதனையா? அப்ப சீனி ரெண்டு கரண்டி கூடப் போடுதேன்" என்று கேட்டே போட ஆரம்பித்திருந்தார். வடிவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள் ஜெயசீலி. இருநூற்று நாலு.

"தல வலிக்கா?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பக்கவாதம் வந்து ஒரு பக்கமா விழுந்து கெடந்தா ஒனக்கு யாரு வாயில தண்ணி ஊத்துவா?"

"விழுந்தா வயசு கூடுமா?"

ஜெயசீலி பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"கேக்கேம்லா. கூடுமா?"

"கூடும்."

"அப்ப சரி," என்று வடிவு கருவாட்டைக் கிண்டப் போனாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெயசீலிக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவள் விடமாட்டாள். தானாகச் செய்தால் செத்துப்போவாள். கூட இருந்து பார்த்துக்கொண்டால் சாகாமல் கிழவியாகலாம். மறுநாள் சுற்றுக்குப் போகாத நாளாக இருந்தும் வடிவின் வீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுத மாதிரி செய்யணும். பிரஷருக்கு ரெண்டு மாத்திரையில ஒண்ண மட்டும் நிறுத்துவோம். நூத்தி எழுபதுக்கு மேல போச்சுன்னா மறுபடியும் ரெண்டும். சீனி காப்பி ஒரு வேளை. நடக்கத நிறுத்து. கால் பாக்கத மட்டும் நிறுத்தாத."

வடிவின் முகம் மலர்ந்தது. பழைய மாணவி புதுப் பாடத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த டப்பா எதப் பாத்து வயசு சொல்லுது?"

"ரத்தத்துல முப்பது நாப்பது சங்கதி இருக்குக்கா. சர்க்கர எத்தன மாசமா நிக்கி, ஈரல் எப்படி இருக்கு, உள்ள எங்கயாவது வீக்கம் இருக்கா, எல்லாத்தையும் பாக்கும். எல்லாத்துலயும் கிட்னிக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி. அது கொஞ்சம் சுணங்கிட்டுன்னா வயசு குபுக்குன்னு ஏறிரும்."

நோயாளியிடம் எதையும் மறைக்கக் கூடாது, புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முப்பது வருடமாகப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் சொன்னாள்.

செய்தி எப்படித்தான் போயிற்றோ, அடுத்த மாதத்துக்குள் பேச்சித்தாய் வந்தாள். பேச்சித்தாய்க்குப் பிறந்த கணக்கில் அறுபத்தெட்டு, இரத்தக் கணக்கில் அறுபத்திரண்டு. "வடிவு மதினிக்குச் செய்யதானே, எனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். மாட்டேன் என்றால் அவளாகவே செய்வாள். பிறகு இன்னும் இரண்டு பேர். வைகாசி முடிவதற்குள், வடிவு போகப் பதினொரு பெண்கள்.

அதே தெரு, அதே பை, அதே செவ்வாய்க்கிழமை. கருவி நூற்று அறுபத்தெட்டு காட்டினால் ஜெயசீலி போனில் நூற்று முப்பது என்று பதிந்தாள். யாருக்கு எவ்வளவு ஏறலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தலைக்குள்ளேயே ஒரு பேரேடு ஓடிற்று. முன்பெல்லாம் எண் குறைந்தால் பெண்கள் சிரிப்பார்கள். இப்போது ஏறினால் சிரித்தார்கள். அவள் தன் தொழிலை இத்தனை கவனமாக ஒருநாளும் செய்ததில்லை. தொழில் தெரிந்ததால்தான் யாரும் விழாமல் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்காலிடும்போது மட்டும் அதைச் சொல்ல வரவில்லை.

ஐந்தாம் மாத முடிவில் உத்தேசமாகக் கணக்குப் போட்டு வடிவிடம் சொன்னாள். "அறுபத்தி மூணு இருக்கும்."

"ரெண்டு பத்தாதே சீலி."

"இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா. பதறாத. நெருங்கி வந்துட்டோம்."

மறுபரிசோதனை நாளில் வடிவு தலை குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனாள். ஏழு நிமிடம் கழித்துக் கருவியில் எண் விழுந்தது. எழுபத்து மூன்று.

அருணகிரி எண்ணைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் வடிவு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். தெருமுனையில் பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயசீலி மட்டும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். அறுபத்தைந்து வரலாம், மிஞ்சினால் அறுபத்தாறு. எழுபத்து மூன்றுக்கு வழியே இல்லை. வடிவை வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது; உள்ளே நீர் கோத்திருந்தது.

"என்னத்தக்கா தின்ன?"

வடிவு சிரித்தபடி பழைய பீடித் தட்டை இழுத்தாள். அதில் அட்டை அட்டையாக மூட்டுவலி மாத்திரை. எல்லாம் காலி.

"மெடிக்கல்ல கேட்டேன், எதத் தின்னா கிட்னிக்கு ஆகாதுன்னு. வலி மாத்திரய ரொம்பத் திங்காதிய, அது கிட்னியத் தின்னுரும்னான். அதையே ஒண்ணு ரெண்டா நெதம் வேங்கிட்டு வந்தேன். நீதான அறுபத்தி மூணுன்ன, ரெண்டு பத்தலல்லா." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெரல் வலியும் இல்ல சீலி. இருவது வருசத்துக்கு அப்புறம் இந்த ஒரு மாசந்தான் நல்லாத் தூங்குனேன்" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா சோர்ந்துபோன முகத்தோடு அறிக்கையைப் புரட்டினார். இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தால் ஓட்டலாம்.

"மெய்வயது என்ன?"

"எழுபத்தி மூணு டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "ஆறு மெஷின் இருக்கு சிஸ்டர். நூத்தி நாப்பது பேர் காத்திருக்காங்க. எழுபதுக்குக் கீழ இருக்கறவங்களுக்குத்தான் குடுக்கணும்னு உத்தரவு. உடம்பு இளசா இருக்கறவங்க அதிக நாள் இருப்பாங்கன்னு கணக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி இவங்களுக்கு என்ன வந்திருந்துச்சு?"

"ஐம்பத்தொம்போது."

"அந்த நம்பர் இருந்தா லிஸ்ட்ல முதல் பத்துல இருப்பாங்க."

அந்த எண் இருந்தபோது அவளுக்கு இந்த மெஷின் தேவைப்படவில்லை. ஜெயசீலி வடிவை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டு நேரே அருணகிரியிடம் போனாள். மாத்திரையை நிறுத்தியதை, பொய் எண்களைப் பதிந்ததை, பன்னிரண்டு பெயரையும் வரிசையாகச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை நான் கேக்கலன்னு வெச்சுக்கட்டுமா மேடம்?"

"எழுதிக்கிடுங்க சார். எழுதி, அந்த எழுபத்தி மூணு தப்புன்னு ரத்து பண்ணுங்க. பழைய வயசக் குடுங்க. என் வேலை போனாலும் சரி, ஜெயிலுக்குப் போட்டாலும் சரி."

அருணகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்குப் புரியலையா? அந்த எழுபத்தி மூணு தப்பே இல்ல. நீங்க வேற ஒருத்தர் ரத்தத்தக் குடுத்திருந்தா ரத்து பண்ணலாம். கருவியில தில்லுமுல்லு பண்ணியிருந்தாலும் பண்ணலாம். நீங்க ஆளையே மாத்திட்டீங்க மேடம். இன்னிக்கு நூறு தடவை குத்திப் பாத்தாலும் அதுதான் வரும். அவங்களுக்கு இப்ப நிஜமாவே எழுபத்தி மூணு."

ஜெயசீலி அந்த வாரமே பணி இடைநீக்கம் செய்யப்பட்டாள். அதற்குள் அறுபத்தைந்தைத் தாண்டி உதவித்தொகை வாங்கத் தொடங்கியிருந்த மற்றப் பதினொரு பேருக்கும் இன்னொரு மறுபரிசோதனை செய்து, மோசடி இருந்தால் உதவித்தொகையை ரத்து செய்ய உத்தரவு வந்தது. தெரு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. பேச்சித்தாய் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வடிவு ஒருத்திதான் பேசினாள். பாயில் படுத்திருந்தவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டம்ளரில் அளந்து ஊற்ற ஜெயசீலி தினமும் வந்தாள். பையில்லாமல் வெறுங்கையோடு அந்தத் தெருவில் நடப்பது அவளுக்கே யாரோ நடப்பதுபோல் இருந்தது. கேரளத்திலிருந்து வந்த மகன் மூன்று நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"நீ எதுக்குட்டி ஆபீசுல போய்ச் சொன்ன?" என்றாள் வடிவு ஒருநாள், மூச்சுக்கு இடைவெளி விட்டு விட்டு. "அவளுவ பாவம்லா. இத்தன மாசம் பாடுபட்டிருக்காளுவ."

"ஒனக்கு வயசக் கொறைக்கத்தான்க்கா போனேன்."

"கொறைக்கதெல்லாம் பதிமூணு வருச வேலையில்லா," என்று வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். "கூட்டத்தான் லேசு."

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் வடிவு இறந்துபோனாள். சான்றிதழில் வயது எழுபத்து மூன்று என்று போட்டிருந்தார்கள். மகன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

பதினைந்து நாள் கழித்துப் பதினொரு பெண்களையும் வேனில் ஏற்றி மறுபரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயசீலி வீடு வீடாகப் போய், கதவைத் திறக்காதவர்களிடம் சன்னல் வழியாக, மாத்திரையை மறுபடியும் தொடங்குங்கள் என்று கெஞ்சியிருந்தாள். ஒருத்திக்காவது குறைந்திருக்க வேண்டும், ஒரே ஒருத்திக்காவது, என்று அன்று முழுக்க அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். உதவித்தொகை போனால் அந்த ஒருத்தி வந்து தன் வாசலில் மண்ணை வாரித் தூற்றட்டும். உயிரோடு வந்து தூற்றட்டும்.

வெயில் தாழ வாசலில் சத்தம் கேட்டது. பதினொரு பேரும் வந்திருந்தார்கள். பேச்சித்தாய் கையில் லட்டுப் பொட்டலம்.

"ஒருத்திக்கும் கொறையல நர்சம்மா!" என்று தெருவிலிருந்தே கத்தினாள். "எனக்கு ரெண்டு கூடியே இருக்கு! மோசடி ஒண்ணும் கெடையாது, எல்லாம் மெய்தான்னு அந்த அதிகாரியே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒங்களத் தப்பா நெனச்சிட்டோம். மனசுல வச்சுக்கிடாதிய."

ஜெயசீலி வாசலுக்கு வந்தாள். இரண்டே படிதான். பேச்சித்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். பின்னாலே மற்றவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். செருப்பு வார் பதிந்த தடம் வீங்கிய ஒவ்வொரு பாதத்திலும் ஆழமாகக் கிடந்தது. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

ஏதோ சொல்வதற்காக ஜெயசீலி வாயைத் திறந்தாள். பேச்சித்தாய் லட்டைப் பிட்டு அந்த வாயில் வைத்தாள்.

"தின்னுங்க," என்றாள். "நீங்க நல்லாயிருக்கணும்."